நியூஜெர்சியில் யாருக்கு எவ்வளவு டிப்? லாசுப்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

புதுச்சேரி லாசுப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை கிடைத்து மனைவியோடு நியூஜெர்சி வரப்போகிறாராம், வழியில் பாரிசில் சித்தப்பா வீட்டில் இரண்டு நாள். "பாண்டியில் சாப்பிட்டு எழுந்தால் பில்லோடு வரும் சோம்புத் தட்டில் இருபது ரூபாய் வைப்போம், அதோடு சரி. சித்தப்பா டிப்பே வேண்டாம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நண்பன் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு என்கிறான். யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பது?"

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் அவரவர் இருக்கும் ஊருக்குச் சரிதான். பிரான்சில் உணவகப் பட்டியலில் போட்டிருக்கும் விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம், அது அங்கே சட்டம். காபி குடித்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம். நல்ல சாப்பாடு என்றால் தலைக்கு ஒன்று இரண்டு யூரோ வைக்கலாம், வைக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பகுதிகளில் கார்டு மெஷினே இப்போது டிப் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு வாருங்கள். பாரிசுக்கு இது போதும்.

அமெரிக்கக் கதை வேறு. இங்கே சர்வருக்கு வைக்கும் டிப் இனாம் இல்லை, அவர் சம்பளத்தில் உங்கள் பங்கு. மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அதேதான். ஆனால் டிப் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். அந்தத் தொகை 1991-லிருந்து மாறவே இல்லை. மாநிலங்கள் இதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம். நியூஜெர்சியில் 2025-இல் பொதுக் கூலி 15.49, சர்வருக்கு முதலாளி தர வேண்டியது 5.62. நடுவில் இருக்கும் பள்ளத்தை மேசையில் உட்காருபவர்கள் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்குகிற தைரியம் எல்லாருக்கும் இருப்பதில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் மட்டும் டிப்பைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்த வழக்கம் கிடையாது, எல்லாருக்கும் முழுக் கூலி. ஆனாலும் அங்கேயும் டிப் வைக்கும் வழக்கம் போய்விடவில்லை. பழகிவிட்டது.

ஆகவே எங்கே போனாலும் மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்த ஆளுக்கு முழுச் சம்பளம் கிடைக்கிறதா, இல்லை என் காசை நம்பி நிற்கிறாரா? பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம். மேசைக்கு வந்து ஆர்டர் எடுத்து, பரிமாறி, பில் கொண்டுவந்தால் 18 முதல் 20 சதவீதம். 15 என்பது பழைய கணக்கு, இன்று அது "சுமார்தான்" என்று சொல்வதற்குச் சமம். வரிக்கு முந்தைய தொகையில் கணக்குப் போட்டால் போதும். நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஓக் ட்ரீ சாலையில் நாலு பேர் சாப்பிட்டு 64 டாலர் ஆனது என்று வையுங்கள். நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், அது 4.24. பில் 68.24. இருபது சதவீத டிப் 12.80, ஆக மொத்தம் 81.04. கால்குலேட்டர் தட்ட வேண்டாம், பில்லில் இருக்கும் வரியை மூன்றால் பெருக்குங்கள், 12.72 வருகிறது. கிட்டத்தட்ட இருபது சதவீதம். நியூயார்க் நகரத்தில் வரி 8.875 என்பதால் அங்கே இரண்டால் பெருக்கினால் போதும், கிட்டத்தட்ட 18 சதவீதம் வரும். பில்லின் அடியில் 18, 20, 22 என்று தொகை போட்டே அச்சடித்திருப்பார்கள். பல இடங்களில் அது வரியையும் சேர்த்துப் போட்ட கணக்கு. வித்தியாசம் சில்லறைதான், தெரிந்து கொடுங்கள். கூப்பன் போட்டு விலை குறைந்தால் டிப் பழைய விலைக்கு. தட்டு தூக்கிய வேலை பாதியாகவில்லையே.

கார்டில் கட்டுவதுதான் புதிதாக வருபவர்களைக் கலங்கடிக்கும். சர்வர் கார்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஓடிபி வராது, பின் எண்ணும் கேட்க மாட்டார்கள். திரும்ப வரும்போது இரண்டு சீட்டு இருக்கும், ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைச் சீட்டில் பில் தொகைக்குக் கீழே டிப் என்று ஒரு கோடு, மொத்தம் என்று ஒரு கோடு, அதற்கும் கீழே கையெழுத்து. முதல் கோட்டில் 12.80, இரண்டாவதில் 81.04. கூட்டலைச் சரிபார்த்து, ஒன்றும் ஏழும் குழம்பாதபடி எழுதுங்கள். கையெழுத்து போட்ட சீட்டை மேசையில் விட்டுவிட வேண்டும். தவறிப்போய் அதைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் சீட்டை வைத்துவிட்டு வந்தால் சர்வருக்கு அன்றைக்கு நாமம்தான். டிப்பை ரொக்கமாக வைப்பதானால் அந்தக் கோட்டில் 'கேஷ்' என்று எழுதி, மொத்தத்தில் 68.24 என்றே போடுங்கள். காலியாக விடாதீர்கள். போனில் முதலில் 68.24 என்று செய்தி வரும், ஓரிரு நாளில் அது 81.04 ஆகும். ஏமாற்று வேலை என்று வங்கிக்குப் போன் போட வேண்டாம், கடைக்காரர் டிப்பைச் சேர்த்துக் கணக்கை முடிக்கும் முறை அது. நீங்கள் எழுதியதை விட அதிகம் எடுத்திருந்தால் மட்டும் கேளுங்கள். அதற்குத்தான் சீட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது.

ஆறு பேருக்கு மேல் கூட்டமாகப் போனால் பல உணவகங்கள் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும். 'கிராஜுவிட்டி' அல்லது 'சர்வீஸ் சார்ஜ்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது இருந்தால் கீழே டிப் கோட்டில் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. சென்னை விமான நிலையத்திலிருந்து பாண்டிக்குக் கார் எடுக்கும்போது பில்லிலேயே டிரைவர் பேட்டா போட்டிருந்தால் இறங்கும்போது இன்னொரு பேட்டா கொடுப்போமா, அதே கணக்கு. பார்க்காமல் இரண்டு முறை கட்டுகிறவர்கள் ஏராளம், அவசரத்தில் யாரும் பில்லைப் படிப்பதில்லை.

நம் ஆட்கள் கூட்டமாகப் போகும்போது இன்னொரு சிக்கல். ஒருவர் கார்டு நீட்டுவார், மற்றவர்கள் தாங்கள் சாப்பிட்ட தோசை விலையை மட்டும் எடுத்து வைப்பார்கள். வரியும் டிப்பும் கார்டு நீட்டியவர் தலையில் விழும், அவர் டிப்பைக் குறைப்பார், கடைசியில் அடி சர்வருக்கு. மொத்தத்தை டிப்போடு சேர்த்துத் தலைக்கு வகுத்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்து ஒன்றரை மணி நேரம் அரட்டை அடித்தால் இன்னும் அஞ்சு பத்து சேர்த்து வையுங்கள். அந்த மேசையில் அவருக்கு அடுத்த பார்ட்டி உட்காரவில்லை, அடுத்த டிப்பும் வரவில்லை.

சேவை மோசமாக இருந்தால்? பூஜ்யம் வைக்காதீர்கள். பல கடைகளில் சர்வர் தன் விற்பனையில் ஒரு பங்கைத் தட்டு எடுப்பவருக்கும் பாரில் பானம் ஊற்றுபவருக்கும் தர வேண்டும். நீங்கள் ஒன்றும் வைக்காவிட்டால் அந்த மேசைக்கு அவர் கைக்காசு போட வேண்டி வரலாம். சமையலில் குறை என்றால் அது சர்வர் தப்பும் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்துவார்கள், சில சமயம் அந்த அயிட்டத்துக்குக் காசே கழித்துவிடுவார்கள். சர்வரே அலட்சியமாக இருந்தால் பத்து சதவீதம் வைத்தால் அவருக்குப் புரிந்துவிடும். மேனேஜர், முதலாளி டிப்பில் கை வைக்கக் கூடாது என்று 2018-லிருந்து மத்தியச் சட்டமே இருக்கிறது. அதனால் "இது சர்வருக்குப் போகுமா" என்று நேராக அவரிடமே கேட்பதில் தப்பில்லை.

பஃபே என்றால் பத்து சதவீதம், தண்ணீர் ஊற்றித் தட்டு எடுப்பதற்கு. பாரில் ஒரு டிரிங்குக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர்.

இப்போது கவுன்டர் கடைகள். காபிக் கடை, சமோசா கடை, நீங்களே ட்ரே தூக்கும் டிபன் கடை. பணம் கட்டும் திரையைக் கடைக்காரப் பெண் உங்கள் பக்கம் திருப்புவார். பெரிய கட்டங்களில் 18, 20, 25. ஓரத்தில் சின்னதாக 'நோ டிப்', சில சமயம் 'கஸ்டம்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். பின்னால் நாலு பேர் வரிசையில், எதிரே கடைக்காரரின் பார்வை. கூச்சப்பட்டு இருபதை அழுத்திவிடுகிறோம். இங்கே தாராளமாக 'நோ டிப்' அழுத்தலாம். கவுன்டரில் நிற்பவர் பெரும்பாலும் முழு மணிக்கூலி வாங்குகிறவர். தினமும் போகும் கடை, முகம் தெரிந்தவர் என்றால் ஒரு டாலர் போடுங்கள், அது உங்கள் பிரியம். பார்சல் வாங்கினாலும் அப்படித்தான். இருபது பேருக்குப் பிரியாணி ஆர்டர் செய்து, அவர்கள் சாம்பார் ரைத்தா எல்லாம் பிரித்துக் கட்டி வண்டி வரை கொண்டுவந்து வைத்தால் மட்டும் ஐந்து பத்து கொடுங்கள்.

டெலிவரியில் கஞ்சம் காட்டினால் சாப்பாடு ஆறிப்போய்தான் வரும், உண்மையாகவே. டோர்டாஷ், ஊபர் ஈட்ஸ் போன்ற ஆப்களில் ஆர்டரை எடுக்கும் முன்பே ஏறக்குறைய எவ்வளவு கிடைக்கும் என்று டிரைவருக்குத் தெரியும். டிப் இல்லாத ஆர்டரை ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிவிடுவார்கள், பொட்டலம் கடை அலமாரியிலேயே கிடக்கும். 'டெலிவரி ஃபீ' என்று வாங்குவதை டிரைவருக்கான டிப் என்று நினைக்காதீர்கள், அது கம்பெனிக் கணக்கு. 15 சதவீதம், எவ்வளவு சின்ன ஆர்டர் ஆனாலும் மூன்று நாலு டாலருக்குக் குறையாமல். பனி கொட்டும் நாளில் இன்னும் இரண்டு. அமேசான் பொட்டலம் போட்டுவிட்டுப் போகிறவருக்கு எதுவும் வேண்டாம்.

ஊபர், டாக்சிக்கு 15 சதவீதம். விமான நிலையத்திலிருந்து 23 கிலோ பெட்டி நாலு ஏற்றி இறக்கினால் ஐந்து டாலராவது. முடிவெட்ட, அழகு நிலையத்துக்கு 15 முதல் 20 சதவீதம். புருவம் திருத்தும் கடைகளில் பத்து டாலர் வேலைக்கு இரண்டு. அங்கே கார்டில் டிப் சேர்க்க வழியில்லாத இடங்கள் உண்டு, உங்கள் மனைவியிடம் சில்லறை நோட்டு இருக்கட்டும். ஓட்டல் அறை சுத்தம் செய்பவருக்கு ஓர் இரவுக்கு மூன்று முதல் ஐந்து டாலர். காலி செய்யும் நாளில் மொத்தமாக வைக்காமல் தினமும் வையுங்கள், நாளைக்கு வருபவர் வேறு ஆளாக இருக்கலாம். மேசையில் வெறும் நோட்டு கிடந்தால் தொடப் பயப்படுவார்கள், 'நன்றி, ஹவுஸ்கீப்பிங்' என்று ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி அதன் மேல் வையுங்கள். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு அரை நாள் வேலைக்குத் தலைக்கு இருபது, மூன்று மாடி ஏறினால் அதற்கு மேல். முதலாளி கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

பெட்ரோல் பங்க் ஒரு விசித்திரம். நியூஜெர்சியில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது, 1949-லிருந்து சட்டம். பக்கத்து மாநிலம் போனால் நீங்களே இறங்கிப் பிடிக்க வேண்டும், இங்கே பங்க் ஆள்தான் போடுவார். டிப் எதிர்பார்க்க மாட்டார். கண்ணாடி துடைத்துவிட்டால் ஒன்றிரண்டு கொடுக்கலாம்.

கொடுக்கவே கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகம், போலீஸ், நகராட்சி ஆய்வாளர். "டீச் செலவுக்கு" என்று நம்மூர் பாணியில் நீட்டினால் அது லஞ்சம், வழக்கு வரை போகும். மருத்துவமனையிலும் அப்படியே. பிரசவம் ஆனால் ஆயாவுக்கும் வார்டு பாய்க்கும் கையில் வைக்கும் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நர்ஸ்களுக்கு ஒரு ஸ்வீட் டப்பா, அது போதும். தபால்காரருக்கு ரொக்கம் கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மேற்படாத பொருள், ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்கு 50 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது தபால் துறை விதி. தீபாவளி இனாம் கேட்டு வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். டிசம்பரில் அபார்ட்மென்ட் பராமரிப்பு ஆளுக்கு இருபது, முப்பது உறையில் போட்டுக் கொடுத்தால் ஜனவரியில் ஹீட்டர் நின்றால் கொஞ்சம் சீக்கிரம் வருவார். குழந்தை பார்த்துக்கொள்பவர் இருந்தால் ஒரு வாரச் சம்பளம்.

ஏடிஎம்மில் பெரும்பாலும் இருபது டாலர் நோட்டாகத்தான் வரும். வங்கிக்குள் போய் ஒரு டாலர் நோட்டு இருபது, ஐந்து டாலர் நோட்டு நாலு கேட்டு வாங்கிப் பர்சில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிப்பை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், பார்த்தால் கை வராது.

இதை முக்கியமாக அப்பா அம்மா முதல் முறை வரும்போது நினைவில் வையுங்கள். நுவார்க் விமான நிலையத்தில் அவர்களுக்கு வீல்சேர் கேட்டிருப்பீர்கள். அந்தச் சேவை இலவசம்தான், விமானக் கம்பெனி காசு கேட்கக் கூடாது. தள்ளிக்கொண்டு வருபவர் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. குடியேற்ற வரிசை, பெட்டி வரும் பட்டை, சுங்கம் என்று ஒரு மணி நேரமாவது கூடவே நிற்பார். ஆளுக்கு ஐந்து டாலர், பெட்டியும் இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தால் பத்து. நீங்கள் வெளியே நிற்பீர்கள், உள்ளே அவர்களிடம் டாலர் இருக்காது. பாண்டியில் கிளம்பும்போதே அம்மாவின் கைப்பையில் ஐந்து டாலர் நோட்டு நாலைத் தனியாகப் போட்டு, யாருக்கு என்று சொல்லி அனுப்புங்கள். "ஐந்து டாலரா, நானூறு ரூபாய்க்கு மேலாகுதேடா" என்பார்கள். அதற்குத்தான் முன்கூட்டியே சொல்லி வைப்பது.