வத்தளையில் மறந்த வெற்றிலை மலையில் ஏன் நினைவுக்கு வருகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம். இரண்டு மாதத்துக்கு முன் பல் பிடுங்கப் போனபோது, இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் போகவில்லை. நடுவில் அண்ணிக்குக் குழந்தை பிறந்ததால் மூன்று வாரம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள வத்தளையில் இருந்தார். அங்கே வெற்றிலையைத் தொடவே இல்லை. திரும்பி வந்த மறுநாள் மலைக்குப் போனவர் வாய் சிவக்கத்தான் வீட்டுக்கு வந்தார். புகையிலையைத் தூக்கி அடுப்பில் போட்டேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராவில் வாங்கிப் போடுகிறார். ‘எங்களைவிட உங்களுக்குப் புகையிலைதான் பெரிசு’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. வத்தளையில் விட முடிந்தவருக்கு இங்கே ஏன் முடியாது? மனசு வைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? – வாசகி ஒருவர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தத் துண்டைப் பற்றிப் பேசுவோம். கன்னத்தின் உள்ளே தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம் எல்லாமே புற்றுநோய் அல்ல. ஆனால் சில, நாளடைவில் அப்படி மாறக்கூடியவை. எது எப்படி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, டாக்டர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் ‘வெற்றிலையை விட்ட பிறகு போகலாம்’ என்று காத்திருக்க வேண்டாம். வாய் சிவந்திருந்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் ஏசுவார் என்ற கூச்சமும், ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்ற கணக்கும் சேர்ந்துதான் எத்தனையோ பேரைத் தடுத்து வைத்திருக்கின்றன. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய். பெண்களையும் அது விடுவதில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, வத்தளைக்கு வருகிறேன். உங்கள் கோபம் முழுக்க அந்த மூன்று வாரத்தில்தான் இருக்கிறது. எனக்கோ உங்கள் கடிதத்திலேயே நம்பிக்கை தரும் செய்தி அதுதான்.

வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயின் போன்ற போதைக்கு அடிமையாகியிருந்தார். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அந்த நாடே பயந்தது. 1971இல் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் வருடத்துக்குள் மறுபடியும் அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் அளவுதான். பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்குப் போனவர்களும் இல்லை. போதை சுலபமாகக் கிடைத்த இடம், அதைப் பகிர்ந்த கூட்டாளிகள், போர்க்களத்துப் பயம், எல்லாமே அவர்களைவிட்டு ஒரேயடியாக விலகியிருந்தன. உங்கள் அம்மாவுக்கு வத்தளையில் நடந்ததும் இதுதான். ஒரே வித்தியாசம், அவர் திரும்பவும் அதே மலைக்கு வந்துவிட்டார்.

இடத்துக்கும் ஆசைக்கும் இடையில் மூளை எப்படி முடிச்சுப் போடுகிறது? 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்து இதை ஆராய்ந்தார். ஒரு சமிக்ஞை வரும், சற்றுப் பொறுத்துப் பழச்சாறு வரும். ஆரம்பத்தில் சாறு வாயில் விழும்போதுதான் டோப்பமின் என்ற மூளை இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் துடித்தன. பழகப் பழகச் சாறுக்கு அவை அசையவில்லை, சமிக்ஞைக்கே துடித்தன. சமிக்ஞை வந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கிப்போயின. இப்போது அம்மாவின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் கூடையை மாட்டும் நேரம், நிரையில் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி பையை அவிழ்க்கும் நேரம், மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு உட்காரும் நேரம். இத்தனை வருடமாக இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் புகையிலை வந்திருக்கிறது. வத்தளை வீட்டில் கூடையும் இல்லை, மடுவமும் இல்லை. மலையில் கால் வைத்ததும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அன்றைக்கு அவருக்குள் எழுந்த ஆசைக்கு உங்கள்மேல் உள்ள பாசத்தோடு எந்தப் போட்டியும் இல்லை.

‘அப்படியென்ன ருசி அதில்?’ என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அம்மா ‘ஒன்றும் இல்லைதான்’ என்றுகூடச் சொல்லியிருப்பார். அது சாக்குப்போக்கு அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர், டோப்பமின் அநேகமாக முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அவை ருசித்து நக்கின. ஆனால் முன்னால் கிடக்கும் சாப்பாட்டைத் தேடிப் போகவில்லை. ருசிப்பது வேறு, தேடுவது வேறு என்று இதிலிருந்து தெரிந்தது. வருடக்கணக்கான பழக்கத்தில் ருசி மங்கிப்போயிருக்கும், தேடும் ஆசை மட்டும் கூர்மையாகவே இருக்கும். அதற்கும் மேலே, நெடுநாள் பழகிய செயலை மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி யோசனையைக் கேட்காமலே நடத்தத் தொடங்கிவிடுகிறது. மூடுபனியில் கண் தெரியாவிட்டாலும் லயத்திலிருந்து மலைக்கு ஏறுகிற கால் வழி தப்புவதில்லையே, அதுபோல அவர் கை பைக்குப் போகிறது. பாதி நேரம் போட்டுக்கொண்டதே மென்ற பிறகுதான் தெரியும்.

புகையிலையின் வேலை இதோடு முடியவில்லை. சுண்ணாம்பின் காரம், புகையிலையில் அடிமையாக்கும் பொருளான நிக்கோட்டினைக் கன்னத்தின் வழியாகச் சுலபமாக உள்ளே இழுக்க வைக்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் பாதியாகிவிடும். இராத் தூக்கத்தில் இன்னும் இறங்கிவிடும். விடியும்போது வருகிற எரிச்சலும் படபடப்பும் அதனால்தான். முதல் வாய் வெற்றிலை தருகிற நிம்மதி, பெரும்பாலும் அந்த எரிச்சல் அடங்குகிற நிம்மதிதான். புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பாக்கே தனியாகப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. பாக்கும் பழக்கமாகும் பொருள்தான்.

பசியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிக்கோட்டின் பசியை அமத்தும். காலையில் வெறும் சாயத் தண்ணீரோடு (பால் இல்லாத தேநீரோடு) மலை ஏறி, கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் (பாதிச் சம்பளம்தான்) என்ற பயத்தில் குளிரிலும் மழையிலும் நிற்கிற ஒருத்திக்கு வெற்றிலைதான் மலிவான சாப்பாடு. இதை மறந்துவிட்டு ‘மனசு வை’ என்று மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் மலைக்குப் போகும் முன் ஒரு ரொட்டியாவது வயிற்றுக்குள் போகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் வெற்றிலையை நிறுத்தும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம், இராத்திரியில் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிறாரா என்று பாருங்கள். அந்த வெள்ளை இடது பக்கம் மட்டும் இருக்கிறது என்பதால் கேட்கிறேன். பலருக்கு வழக்கமாக அடக்கும் பக்கத்தில்தான் அது வரும். அப்படியானால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். படுக்கும் முன் வாய் கொப்பளித்துவிட்டுப் படுக்கட்டும்.

புகையிலையை அடுப்பில் போடுவதால் பலனில்லை, பக்கத்துக் காம்பராவில் இருக்கிறது. அதற்குப் பதிலாக நிரையில் அவரோடு நிற்கும் அந்த ஒன்றிரண்டு பேரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ‘அக்கா, அம்மாவின் வாயில் இப்படி ஒன்று வந்திருக்கிறது. கொஞ்ச நாளைக்கு அவங்க கேட்டாலும் கொடுக்காதீங்க’ என்று சொன்னால் கேட்காதவர்கள் குறைவு. வெற்றிலை மாற்றிக்கொள்வது அவர்களுக்குள் ஒரு சிநேகம். சிநேகம் இருக்கட்டும், வெற்றிலை மட்டும் போகட்டும். பழைய பையில் பெருஞ்சீரகம், ஏலக்காய் போட்டுக் கொடுங்கள். பைக்குப் போகிற கை போகட்டும், எடுப்பது வேறொன்றாக இருக்கட்டும்.

நிறுத்தியதும் முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கஷ்டம். சிடுசிடுப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். மூன்று நான்கு வாரத்தில் உடம்பு பெரும்பாலும் அடங்கிவிடும். நடுவில் பொங்கி வருகிற ஆசை ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்துக்கு ஒரு வாய்த் தண்ணீரும் ஒரு பேச்சும் போதும். இடையில் ஒரு நாள் போட்டுவிட்டால் ‘பார்த்தீங்களா’ என்று சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது போட்டார் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை கவனிக்க வேண்டிய நேரம் அதுதான். நிக்கோட்டினுக்கு மாற்று மருந்துகளும் உண்டு. அவருக்குப் பொருந்துமா என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிடலாம்.

அந்தச் சண்டை? அவரைவிட நீங்கள்தான் இறங்கிவர வேண்டும். ‘வத்தளையில் மூன்று வாரம் இருந்துகாட்டினீங்களே அம்மா’ என்று தொடங்குங்கள். அவரால் முடியும் என்பதற்கு அவரே காட்டிய சாட்சி அது. நீங்கள் இதுவரை அதைக் குற்றச்சாட்டாகத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

டிக்கோயாவில் டாக்டர் அந்த இடத்திலிருந்து சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்று லயத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது உண்மையல்ல, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். முடிவு வருகிற நாளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அன்றைக்கும் அவரோடு நீங்களே போங்கள்.