ஒரு வரி நிரல்கூடப் பங்களித்ததில்லை. திறமூல மென்பொருள் மாநாட்டுக்கு நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நான் முதலில் போனபோது என் பெயரில் ஒரு கமிட்கூட, அதாவது ஒரு திட்டத்தில் சேர்ந்த மாற்றம்கூட, கிடையாது. வாசலில் யாராவது "நீங்கள் எந்தத் திட்டம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. யாரும் கேட்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுதோறும் ஒரு சனி, ஞாயிறில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற திறமூல மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. நேராக உள்ளே நடந்து போக வேண்டியதுதான்.

ஆனால் அந்த முதல் தடவை நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் பென்சிலால் வட்டம் போட்டு, ஓர் உரை முடிந்ததும் அடுத்த அறைக்கு ஓடினேன். இரண்டு நாளில் பதின்மூன்று உரைகள். நோட்டு நிரம்பியது, புதிதாக ஒரு மனிதரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. சில வாரம் கழித்துப் பார்த்தால் அத்தனை உரையும் காணொளியாக வந்திருந்தது! பெரும்பாலான மாநாடுகளில் இதுதான் வழக்கம். டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்களின் டெப்கான்ஃப் மாநாட்டில் நேரலையே உண்டு. ஆகவே உரைகளைத் தவறவிடுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அடுத்த முறை ஒரே ஒரு பக்கை, அதாவது மென்பொருள் பிழையை, மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நான் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் தமிழைப் பிடிஎஃப் ஆக்கினால் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். பல மாதம் முன்பே புகார் பதிந்திருந்தேன், பதிலே இல்லை. மாநாட்டில் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களில் ஒருவரைத் தேநீர் இடைவேளையில் பிடித்தேன். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. யூனிகோடில் முதலில் 'க', அப்புறம்தான் கொம்பு என்று சேமிக்கிறோம், திரையில் வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் நாங்கள் ஹார்ஃப்பஸ்ஸைக் கூப்பிடாமல் எழுத்தெழுத்தாக நாங்களே வரைகிறோம், அதுதான் கோளாறு" என்றார். எழுத்துகளைச் சரியான வரிசையிலும் வடிவிலும் அடுக்கித் தரும் நிரல்தொகுப்புதான் ஹார்ஃப்பஸ். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. என் புகாரைப் படித்தும் புரியாமல்தான் விட்டிருக்கிறார்கள். நான் எழுதியிருந்த லட்சணம் அப்படி.

திருத்தத்தை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, சோதனைக் கோப்பை என் தலையில் கட்டினார். கெ, கே, கொ, கோ, கௌ வரும் ஐந்து சொற்கள். அன்று மாலை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அனுப்பியதுதான் என் முதல் கமிட்.

இப்படிப்பட்ட பேச்சு உரை அறைகளுக்கு வெளியே, நடைபாதையில்தான் நடக்கும். கூச்சமாக இருந்தால், ஐந்தாறு பேர் வட்டமாக நிற்கும் இடத்தில் ஓர் ஆள் நுழைய இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் ஆவணம் எழுதுபவர்களுக்கான ரைட் த டாக்ஸ் மாநாட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் இதற்குப் பாக்மேன் விதி என்று பெயர் வைத்தார்: வட்டத்தை மூடாமல், பழைய வீடியோ விளையாட்டில் வரும் பாக்மேனின் வாய் மாதிரி ஒரு பக்கம் திறந்து நிற்பது. இந்த விதி தெரிந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். 'பாஃப்' என்று ஒன்றும் இருக்கும். மேடை கிடையாது, ஸ்லைடு கிடையாது. ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ளவர்கள் ஓர் அறையில் கூடிப் பேசுவார்கள். சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் தப்பில்லை.

அதுவும் முடியாது என்றால் தன்னார்வலராகச் சேர்ந்துவிடுங்கள். கேமரா பிடிக்க, பேச்சாளருக்கு "இன்னும் ஐந்து நிமிடம்" என்று அட்டை காட்ட எப்போதும் ஆள் தேவைப்படும். கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வந்துவிடுகிறது. என் அனுபவத்தில் உரை கேட்க வந்தவர்களைவிட ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர்களோடுதான் நட்பு நிலைத்தது.

பயணச் செலவுதான் தடை என்றால், டெப்கான்ஃப் போன்றவை உதவித்தொகை தருகின்றன. டெப்கான்ஃப் ஆண்டுக்கு ஓர் ஊரில் நடக்கும், 2023-இல் கொச்சிக்கே வந்தது. நிரல் எழுதாதவர்களும் விண்ணப்பிக்கலாம்; மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுவது எல்லாம் பங்களிப்பில் சேர்த்திதான். கடைசித் தேதி மாநாட்டுக்கு மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும், அதை மட்டும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.