50-ஆம் ஆண்டுக் கொடியில் 50 என்ற எண் வேண்டாம்

கேள்வி: மும்பையில் ஒரு சிறிய பாய்மரப் படகு மன்றத்துக்கு நான் செயலாளர். அக்டோபரில் மன்றத்துக்கு 50 வயது. படகுகளில் பறக்கவிட விழாக் கொடி அடிக்கிறோம். மாதிரிக் கொடியின் பின்பக்கம் ‘50’ திரும்பித் தெரிகிறது. எல்லாக் கொடியும் அப்படித்தான் என்கிறார் ஆர்டர் எடுத்த ஏஜென்ட். மூவண்ணக் கரை வைத்தால் எடுப்பாக இருக்குமாம். வைக்கலாமா? - செம்பூர் வாசகர்

பதில்: முதலில் மூவண்ணம். வேண்டவே வேண்டாம். தேசியக் கொடியையோ அதைப் போன்ற சாயலையோ டிசைனில் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எடுப்புக்காக அந்தப் பக்கம் போகாதீர்கள். கடற்படைக்கு 2022-இல் வந்த புதுக் கொடியின் எண்கோணத்தைப் பார்த்து அதையும் சிலர் கேட்கிறார்கள். அது கடற்படையுடையது, விட்டுவிடுங்கள்.

எண் விஷயத்தில் ஏஜென்ட் சொன்னது சரிதான். ஒற்றைத் துணியில் மை பின்னால் ஊடுருவும். அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு 05, அதிலும் 5 திரும்பி நிற்கும். இரண்டு துணி வைத்து, நடுவில் கறுப்புத் துணி கொடுத்தால் இருபுறமும் நேராக வரும். ஆனால் கொடி கனத்துவிடும், இளங்காற்றில் தொங்கும். பறக்காத கொடி எதற்கு? கொடிகளில் பொன்னிறம் என்றால் மஞ்சள். உங்கள் பழைய மன்றக் கொடியை அப்படியே வைத்துச் சுற்றிலும் ஒரு மஞ்சள் கரை தையுங்கள், பொன்விழா என்பது புரிந்துவிடும். ஜரிகை, சாட்டின் வேண்டாம்.

எண் போட மன்றத்துக்கு உள்ளே மட்டும் இடம் உண்டு: முதலில், கூடத்துச் சுவரில் மாட்டும் கொடி. அதன் முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை. 50, தொடங்கிய வருடம், சின்னம் எல்லாம் போடுங்கள். மேஜைக் கொடியென்றால் எதிரே உட்கார்பவரும் பார்ப்பார், எனவே அதற்கு இரட்டைத் துணி. அங்கே காற்று இல்லை, கனம் பிரச்சினையில்லை. ஆனால் விழா நாளன்று யாராவது சுவர்க் கொடியைக் கழற்றிப் படகில் கட்டுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அதனால் சுவர்க் கொடிக்குக் கயிறு கோக்கும் வளையமே வைக்காதீர்கள். மேலே கம்பு நுழைய ஒரு மடிப்புத் தையல் போதும்.

வாலில் ‘V’ போல வெட்டு வைத்த கொடி கேட்டால், கம்பத்துப் பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் நீலம் என்று வைக்காதீர்கள். கப்பல்களுக்கான சர்வதேசக் கொடிக் குறியீட்டில் அது ‘ஏ’ கொடி. கீழே முக்குளிப்பவர் இருக்கிறார், விலகி மெதுவாகப் போ என்று பொருள். உயிர் சம்பந்தப்பட்டது.

இனி ஏஜென்ட். இவர்களில் பலரிடம் பிரிண்டிங் மெஷினும் கிடையாது, தையல்காரரும் கிடையாது. நைலான் மாதிரி காட்டுவார்கள், வந்து இறங்குவது ஊர்வலத்துக்கு அடிக்கும் மலிவுத் துணி. டிசைன் ஃபைலைத் தங்களிடமே வைத்துக்கொண்டு அடுத்த முறையும் உங்களை இழுப்பார்கள். ஃபைல் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். மாதிரித் துணியை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள். வளையத்தில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, உப்புக் காற்றில் வெள்ளைத் துணி முழுக்கத் துரு வழியும். பித்தளை கேளுங்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்த தொகைக்குத்தான் கொடுப்போம் என்று கமிட்டிகள் பிடிக்கும் பிடிவாதம் எனக்குப் பிடிபடவே இல்லை. என்ன துணி, எத்தனை வரிசைத் தையல் என்று எழுதாமல் மூன்று விலையை எப்படி ஒப்பிடுவது? அதை முதலில் எழுதுங்கள். காற்றடிக்கும் விளிம்பில் மூன்று வரிசைத் தையல் கட்டாயம்.

அளவுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: தண்ணீரிலிருந்து பாய்மர உச்சி வரையுள்ள உயரத்தில் ஓர் அடிக்கு அரை அங்குலம் கொடி நீளம். 30 அடிக்கு நீளம் 15 அங்குலம், அகலம் 10.

மழைக்காலத்தில் படகுகள் எப்படியும் கரையில்தான் இருக்கும். ஜூலையிலேயே ஒரே ஒரு கொடி தைத்து, மன்றத்து மொட்டைமாடியில் இரண்டு வாரம் கட்டிவிடுங்கள். விளிம்பு பிரியாமல் இருந்தால் மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.