இறால் ஒவ்வாத பையனுக்குக் காய்கறி டிம் சம் கொடுக்கலாமா?

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு இறால் ஒவ்வாது, ஒருமுறை முகம் வீங்கி மூச்சுத் திணறியது. மாமனாரின் பிறந்தநாளுக்குப் புதுமையான டிம் சம் (ஆவியில் அவித்தும் பொரித்தும் தரும் சீனச் சிற்றுண்டிகள்) பரிமாறும் உணவகத்துக்குக் குடும்பமாகப் போகிறோம். முன்பதிவுச் செயலியில் அவனுடைய ஒவ்வாமையைக் குறித்துவிட்டேன். காய்கறி டிம் சம் மட்டும் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பையனை அழைத்துப் போகலாம். பெயரை நம்பிச் சாப்பிட வைக்காதீர்கள்.

ஹார் காவ் என்னும் டிம் சம் கொழுக்கட்டை முழுக்க இறால் என்பது பலருக்கும் தெரியும். முள்ளங்கி கேக் சைவம்போலத் தோன்றும். அதில் பொடியாக நறுக்கிய உலர் இறால் சேர்ப்பது வழக்கம். ஹாங்காங்கில் 1980களில் பிரபலமான எக்ஸ்.ஓ. என்னும் காரச் சாஸிலும் உலர் இறால் சேர்கிறது. புதுமை டிம் சம்மிலோ பீட்ரூட் சாறு கலந்த மாவு, தங்கமீன் உருவம் என்று எல்லாம் மாறிவிடுவதால், உள்ளே இருப்பதை ஊகிக்கவே வழியில்லை.

மூங்கில் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் அவிப்பார்கள். மேல்கூடையின் சாறு கீழே சொட்டும். கீழ்க்கூடையின் ஆவி மேலே ஏறும். ஒவ்வாமையைத் தூண்டும் இறால் புரதம் வெந்தாலும் அழியாது. பொரிக்கும் எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

செயலியில் குறித்ததைக் குறிக்காததாகவே எண்ணிக்கொள்ளுங்கள். மேசையை நிரப்பிக் கமிஷன் வாங்குவதோடு அந்த இடைத்தரகரின் அக்கறை தீர்ந்துவிடுகிறது. நீங்கள் எழுதிய வரி அடுப்படிவரை போனதா என்று அவர் பார்ப்பதில்லை. கூட்ட நேரத்தில் பரிமாறுபவரும் உள்ளே கேட்காமலே "இறால் இல்லை" என்று சொல்லிவிடக்கூடும். கூட்டமில்லாத வேளையில் நீங்களே தொலைபேசியில் தலைமைச் சமையல்காரரிடம் பேசுங்கள். தனிப் பாத்திரத்தில், புதுத் தண்ணீரில் அவித்துத் தருவாரா? சாஸில் என்னென்ன சேர்கின்றன? பதில் இழுத்தால், அவனுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுவர அனுமதி கேளுங்கள்.

சிப்பி சாஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறாலும் நண்டும் ஒரு வகை; சிப்பி வேறு வகை. இறால் ஒவ்வாதவர்களில் சிலர் சிப்பியைத் தொல்லையின்றிச் சாப்பிடுகிறார்கள். இரண்டிலும் ஒத்த புரதம் இருப்பதால் வேறு சிலருக்கு இரண்டுமே ஆகாது. உங்கள் மகன் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வாமை மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும். அதுவரை சிப்பி சாஸ் வேண்டாம்; "ஒரு துளிதானே" என்று தாத்தா ஊட்டினாலும் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியாக வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்டால் கடமை முடிந்தது என்று இன்னும் பல இடங்களில் இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிஸ்கட்டுக்கு உள்ள விதி தட்டில் வரும் உணவுக்கு ஏன் இல்லை?

மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதித் தந்திருந்தால் அதைக் காரில் விடாமல் கைப்பையில் வைத்திருங்கள். மூச்சு இரைத்தால், குரல் கம்மினால், தலை சுற்றினால், தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஊசி எழுதித் தரவில்லையென்றால், ஏற்கெனவே மூச்சுத் திணறிய குழந்தைக்கு அது ஏன் இல்லை என்று பிறந்தநாளுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.