கல்லாவுக்குக் கீழ ஒரு துப்பாக்கி

கேள்வி: என் தம்பி டெக்சாஸ்ல எம்.எஸ். படிக்கிறான் சார். நைட்ல ஒரு கேஸ் ஸ்டேஷன் (நம்ம ஊர் பெட்ரோல் பங்க்) கடையில கல்லாவுல நிக்கிறான். பக்கத்து கடையில துப்பாக்கியை காட்டி பணத்தை அள்ளிட்டு போயிட்டாங்களாம், அதுலேர்ந்து ஓனர் "டிராயர்ல ஒரு கன் இருக்கு, தேவைன்னா எடுத்துக்கோ"ன்னு சொல்றாராம். அம்மாவுக்கு தெரியாது. அவன் எடுக்கலாமா?
- பேர் போடாதீங்கன்னு கேட்ட வாசகி, நாமக்கல்

பதில்: தொடவே வேண்டாம்னு சொல்லுங்கம்மா. எஃப்-1ங்கற ஸ்டூடன்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருந்தாலே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்குதான் உண்டு. ஓனர் கொடுத்தார்னு சொன்னா செல்லாது. அதை விட எனக்கு இன்னொரு கவலை இருக்கு, ஸ்டூடன்ட் விசாவுல பெர்மிஷன் இல்லாம காலேஜுக்கு வெளிய வேலை பாக்கறதே விதிமீறல், அதனால நாளைக்கு நிஜமாவே திருடன் வந்தா போலீஸை கூப்பிட 911க்கு போன் பண்ணவே பையன் யோசிப்பான் பாருங்க. ஓனருக்கும் அது நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: டெக்சாஸ்ல திருடனை சுட்டா கேஸே கிடையாதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாதி நிஜம். அங்க தண்டனைச் சட்டம் 9.42ன்னு ஒரு பிரிவு இருக்கு, கொள்ளையைத் தடுக்க, ஏன் ராத்திரி திருட்டைத் தடுக்கக்கூட சுடலாம்னு சொல்லுது, ஆனா வேற வழியில பொருளை காப்பாத்தவோ மீட்கவோ முடியாதுன்னு நீங்க நம்புனது நியாயமான்னும் பாப்பாங்க, அதை பின்னாடி ஏசி ரூம்ல உக்காந்து முடிவு பண்றது பொதுஜனங்கள்லேர்ந்து பொறுக்கி எடுத்த பன்னெண்டு ஜூரிங்க.

பக்கத்து ஸ்டேட் ஓக்லஹோமாவுல 2009 மே மாசம் நடந்தது இது. ஓக்லஹோமா சிட்டியில ஒரு மருந்துக்கடைக்குள்ள ரெண்டு பசங்க கொள்ளையடிக்க நுழையறாங்க, ஒருத்தன் கையில துப்பாக்கி. மருந்தாளுநர் சுட்டதுல துப்பாக்கி இல்லாத பையன், 16 வயசு, தலையில குண்டடிபட்டு விழறான், இன்னொருத்தன் ஓடறான். இவரும் பின்னாடியே ஓடிட்டு திரும்பி வர்றார். கேமராவுல எல்லாம் இருக்கு, கீழ கிடக்கற பையனைத் தாண்டி, அவனுக்கு முதுகைக் காட்டிட்டு நடந்து போய், டிராயரைத் திறந்து வேற துப்பாக்கி எடுத்துட்டு வந்து இன்னும் அஞ்சு தடவை சுடறார். முதல் குண்டுக்கு அவர் மேல கேஸே இல்ல. அந்த அஞ்சுக்குத்தான் 2011ல கொலைக்குற்றம், ஆயுள் தண்டனை. ஆபத்துன்னு நினைக்கறவன் முதுகைக் காட்டுவானா, சொல்லுங்க. பசங்களை அனுப்பி வச்ச ரெண்டு பெரியவங்களுக்கும் கொலைக் கேஸ்லயே தண்டனை ஆச்சு, அது நியாயம்தான்னு எனக்கு தோணுது.

கேள்வி: உயிரைக் காப்பாத்த சுட்டவனை கம்பெனி வேலையை விட்டு தூக்குமா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தூக்கியிருக்காங்க. மிச்சிகன்ல 2011ல வால்கிரீன்ஸ்ங்கற பெரிய கம்பெனியோட ஒரு மருந்துக்கடை, விடியக்காலையில முகமூடி போட்டவங்க நுழைஞ்சாங்க, லைசென்ஸ் வச்சிருந்த மருந்தாளுநர் தன்னோட துப்பாக்கியால சுட்டார், யாருக்கும் அடிபடல. கொஞ்ச நாள்லயே வேலை போச்சு. முன்னாடி ஒரு கொள்ளை நடந்தப்பவே பாதுகாப்பை கூட்டுங்கன்னு கேட்டிருந்த மனுஷன் அவர்! கோர்ட்டுக்கு போனார், ஆயுதம் வச்சுக்கற உரிமைங்கறது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை இல்லன்னு 2014ல அப்பீல்லயும் தோத்துட்டார். சட்டப்படி சரியா இருக்கலாம், எனக்கு அந்த கம்பெனி மேல கோவம்தான்.

கேள்வி: அப்ப தம்பி என்னதான் பண்ணுவான்?
- மறுபடியும் நாமக்கல் வாசகி, வாட்ஸ்அப்ல

பதில்: பணத்தை கொடுத்துடச் சொல்லுங்க, கையை கண்ணுக்கு தெரியற மாதிரி வச்சுக்கட்டும், திடீர்னு குனிய வேண்டாம். 1970கள்லயே செவன்-இலெவன்ங்கற சங்கிலிக் கடைக்காரங்க ஜெயிலுக்கு போய்வந்த பழைய கொள்ளைக்காரங்ககிட்டயே யோசனை கேட்டாங்க. கல்லாவுல காசு கம்மியா வை, ஜன்னலை மறைக்கற போஸ்டரை கிழி, கல்லா ரோட்டுலேர்ந்து தெரியட்டும்னு வந்துச்சு யோசனை. அதனாலதான் பெரிய நோட்டெல்லாம் கேஷியரே திறக்க முடியாத பெட்டிக்குள்ள போயிடுது. வாசல் கதவு ஓரத்துல கலர் கலரா ஒரு ஸ்கேல் ஒட்டியிருக்கும், ஓடறவன் எத்தனை அடி உயரம்னு அதை வச்சுதான் போலீஸ்கிட்ட சொல்றது. தம்பி கடையில அந்த ஸ்கேல் இருக்கான்னு இன்னிக்கு ராத்திரியே கேட்டுப் பாருங்கம்மா.