பட்டினி தெரிந்த மார்ஷல்

கேள்வி: கொரியப் போரில் அமெரிக்கப் படையையே பின்வாங்க வைத்த சீனத் தளபதி பெங் தெஹுவாய், 1959-இல் மாவோவை எதிர்த்துக் கடிதம் எழுதிப் பதவியைப் பறிகொடுத்தார். போர்க்களத்தில் புலி, அரசியலில் ஏமாளி என்று அவரைச் சொல்லலாம் அல்லவா?

பதில்: சொல்லவே கூடாது. அந்தக் கடிதத்தில் இருந்தது பதவிக் கணக்கு அல்ல, சோற்றுக் கணக்கு.

பெங், ஹூனான் மாகாணத்தில் 1898-இல் பிறந்தவர். தாய் இறந்த சில வாரங்களில் ஆறு மாதக் கைக்குழந்தையான கடைசித் தம்பி பட்டினியால் செத்தான். பத்து வயதில், புத்தாண்டு நாளன்று, இன்னொரு தம்பியுடன் பிச்சைக்குப் போனார். ஒரு வாத்தியார் வீட்டில், "செல்வம் கொண்டுவரும் பிள்ளைகளா நீங்கள்?" என்று கேட்டார்கள். "பிச்சைக்காரர்கள்" என்றார் பெங். தம்பி முந்திக்கொண்டு "ஆமாம்" என்றான். அரைக் கிண்ணம் சோறும் சின்ன இறைச்சித் துண்டும் அவனுக்குத்தான் கிடைத்தன. பின்னாளில் காவலில் இருந்தபோது பெங்கே எழுதி வைத்தது இது.

1928-இல் பிங்ஜியாங் ஊரில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி, பிறகு செஞ்சேனையின் நெடும்பயணம், ஜப்பானியருடன் போர், 1950-இல் கொரியா, 1954-இல் பாதுகாப்பு அமைச்சர் பதவி. இத்தனைக்கும் பிறகு 1958 கடைசியில் சொந்த மாகாணத்துக்குப் போனார். விளைந்த பயிர் வயலிலேயே கிடந்தது. அறுக்க வேண்டியவர்கள், உற்பத்தியை ஒரேயடியாகப் பெருக்க மாவோ தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டத்துக்காக இரும்பு உலை மூட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல் சட்டிகளைக்கூட உலையில் போட்டிருந்தார்கள். தம்பியைப் பசிக்குக் கொடுத்தவர் இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?

'எதிர்த்து' என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை. 1959-இல் லூஷான் என்ற மலை ஊரில் நடந்த கட்சி மாநாட்டில் அவர் மாவோவிடம் நேரில் பேசத்தான் போனார். மாவோ தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் ஜூலை 14 அன்று கடிதமாகக் கொடுத்தார். சாதனைகளைச் சொல்லிவிட்டுத்தான் தவறுகளுக்கே வந்தார். தனக்கு மட்டும் எழுதிய அந்தக் கடிதத்தை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தவர் மாவோ. ஜூலை 23 அன்று அதே மாநாட்டில் மாவோ கடிதத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசியதும், உண்மை தெரிந்த பலர் பெங்கைத் தாக்கத் தொடங்கினார்கள். அவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. லூஷானுக்குப் பிறகு பஞ்சம் இன்னும் முற்றியது, கோடிக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

மாவோவின் கலாச்சாரப் புரட்சி தொடங்கிய 1966-இல் பெங்கைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். விலா எலும்புகள் முறிந்தன. 1974-இல் இறந்தபோது, அவருடைய சாம்பலை வேறொரு பெயர் எழுதி செங்டு நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். 1978 டிசம்பரில்தான் கட்சி அவருடைய பெயரைச் சொல்லி அஞ்சலி செலுத்தியது.