டெக் கேள்வி பதில்: டொமைன் காலாவதியைப் பைதானில் பார்ப்பது எப்படி?

கேள்வி: வாடிக்கையாளர்களின் டொமைன்கள் நூற்றுக்கு மேல் என் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றின் காலாவதித் தேதியைத் தினமும் பார்க்கப் பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். டொமைன் பதிவு விவரங்களைத் தரும் ஹூயிஸ் சர்வரின் 43ஆம் போர்ட்டைத் திறந்து பெயரை அனுப்புகிறேன். சில பெயர்களுக்குப் பதில் பாதியில் அறுந்துவிடுகிறது. வேறு சிலவற்றுக்கு எதுவும் வராமல் ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடுகிறது. என்ன கோளாறு?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. ஹூயிஸில் நீங்கள் ஒரு வரி அனுப்பினால், சர்வர் தன்னிடம் உள்ளதை அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். பதில் எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே சொல்லாது. சாக்கெட்டில் 'ரெசீவ்' என்பதை 4096 பைட்டுக்கு ஒரே ஒரு முறை அழைத்தால், அதுவரை வந்து சேர்ந்த துண்டுதான் கையில் கிடைக்கும். 'ரெசீவ்' எதுவும் தராமல் வெறுமையாகத் திரும்பும்வரை லூப்பில் வாங்கி, எல்லாத் துண்டுகளையும் ஒட்டிய பிறகு ஒரே தடவையாக டிகோட் செய்யுங்கள், அதாவது பைட்டுகளை எழுத்தாக மாற்றுங்கள். துண்டு துண்டாக டிகோட் செய்தால் ஓர் எழுத்தின் பைட்டுகள் நடுவில் வெட்டுப்பட்டுப் பிழை வரும்.

ஸ்கிரிப்ட் நிற்பதற்கு வரி முடிவைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் வரி முடிவைக் காட்டும் கேரேஜ் ரிட்டர்ன் (\r), லைன் ஃபீட் (\n) இரண்டும் போக வேண்டும். சில சர்வர்கள் லைன் ஃபீட் மட்டும் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். மற்றவை வரி இன்னும் முடியவில்லை என்று காத்திருக்கும், நீங்களும் பதிலுக்குக் காத்திருப்பீர்கள். அதிகம் கேட்பவர்களைச் சத்தமில்லாமல் தடுக்கும் சர்வர்களும் உண்டு. ஆகவே 10 விநாடி டைம்அவுட் இல்லாமல் சாக்கெட்டைத் திறக்காதீர்கள்.

ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது வெறும் எழுத்துத்தான். ஒவ்வொரு ரிஜிஸ்ட்ரியும் (காம் போன்ற ஒரு முடிவின் எல்லாப் பெயர்களுக்கும் பதிவேடு வைத்திருக்கும் நிறுவனம்) தேதியை ஒவ்வொரு மாதிரி எழுதும், புலத்தின் பெயரும் மாறும். காம், நெட் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஹூயிஸ் சேவை தர வேண்டும் என்ற கட்டாயத்தையே டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 2025 ஜனவரி 28 முதல் நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக வந்திருப்பது ஆர்டிஏபி. இது ஹெச்டிடிபிஎஸ் வழியாக, நிரல் எளிதில் படிக்கும் ஜேசான் வடிவத்தில் பதில் தரும்.

எந்தப் பெயருக்கு எந்த ஆர்டிஏபி சர்வர் என்ற பட்டியலை இணைய முகவரிகளையும் பெயர்களையும் நிர்வகிக்கும் ஐயானா ஒரே ஜேசான் கோப்பாக வைத்திருக்கிறது. அதைத் தினமும் ஒருமுறை இறக்கிச் சேமித்தால் போதும். ஒவ்வொரு தேடலுக்கும் போய் எடுக்க வேண்டாம். அதில் கிடைக்கும் முகவரியோடு 'டொமைன்', சாய்கோடு, உங்கள் பெயர் சேர்த்துக் கேளுங்கள். பதிலில் 'ஈவன்ட்ஸ்' பட்டியலில் 'எக்ஸ்பிரேஷன்' என்ற நிகழ்வின் தேதியை எடுங்கள். பட்டியலின் வரிசை நிலையானதல்ல, மூன்றாவதை எடு என்று எழுதிவிடாதீர்கள். தேதி பெரும்பாலும் 'இசட்' எழுத்தில் முடியும், அதாவது யூடிசி எனும் உலகப் பொது நேரம். எழுத்தைத் தேதியாக மாற்றும் 'ஃப்ரம் ஐஎஸ்ஓ ஃபார்மட்', பைதான் 3.11க்கு முந்தைய பதிப்புகளில் அந்த இசட்டை ஏற்காது. இந்தத் தேதியை, நேர மண்டலம் இல்லாமல் தற்போதைய நேரத்தைத் தரும் 'நவ்' உடன் ஒப்பிட்டால் டைப் எரர் வரும்.

429 என்ற ஹெச்டிடிபி எண் வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். 'ரிட்ரை ஆஃப்டர்' தலைப்பு இருந்தால் அது சொல்லும் நேரம் பொறுங்கள். காலாவதிக்கு மாதக்கணக்கில் இருக்கும் பெயரைத் தினமும் கேட்பானேன்? வாரம் ஒருமுறை போதும். நாட்டுக் குறியீட்டுப் பெயர்களுக்கு ஐகேனின் கட்டாயம் கிடையாது. பட்டியலில் இல்லாதவற்றுக்கு மட்டும் ஹூயிஸ் குறியீட்டை வைத்திருங்கள்.

கேள்வி: ஒரு காம் டொமைனுக்கு வாடிக்கையாளர் பணம் கட்டவில்லை. ஆனாலும் தேதி அடுத்த ஆண்டைக் காட்டுகிறதே?

பதில்: காலாவதி நாளன்று ரிஜிஸ்ட்ரி தானாகவே ஓர் ஆண்டு நீட்டிவிடும். அதை ரத்து செய்ய ரிஜிஸ்ட்ராருக்கு (வாடிக்கையாளருக்குப் பெயரை விற்ற நிறுவனம்) 45 நாள் வரை அவகாசம் உண்டு. அந்த இடைவெளியில் ரிஜிஸ்ட்ரி தேதியை நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். பதிலின் 'லிங்க்ஸ்' பகுதியில் 'ரிலேட்டட்' என்று குறித்த முகவரி ரிஜிஸ்ட்ராரின் பதிவுக்குப் போகும். அங்கே பாருங்கள். 'ஸ்டேட்டஸ்' பகுதியையும் கட்டாயம் சேமியுங்கள். 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்றால் மீட்க 30 நாள் அவகாசம். 'பெண்டிங் டெலீட்' வந்துவிட்டால் மீட்க முடியாது, 5 நாளில் பெயர் விடுபடும்.

கேள்வி: ஆர்டிஏபி-யில் 404 (கிடைக்கவில்லை) என்ற எண் வந்தால் பெயர் காலி என்று கொள்ளலாமா?

பதில்: பதிவில் இல்லை என்று மட்டும் கொள்ளலாம். ரிஜிஸ்ட்ரி ஒதுக்கி வைத்த பெயராகவோ கூடுதல் விலைப் பெயராகவோ இருக்கலாம். விற்பனைக்கு உண்டா என்பதை ரிஜிஸ்ட்ராரிடம்தான் கேட்க வேண்டும். 404க்கும் டைம்அவுட்டுக்கும் ஒரே 'இல்லை' என்று எழுதும் ஸ்கிரிப்ட் ஆபத்தானது.

கேள்வி: தமிழ் எழுத்தில் உள்ள டொமைனைக் கொடுத்தால் பிழை வருகிறது.

பதில்: அதைப் பியூனிகோடாக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள வடிவமாக மாற்றி அனுப்புங்கள். பைதானில் இந்த மாற்றத்துக்கென உள்ளமைந்த ஐடிஎன்ஏ கோடெக் 2003ஆம் ஆண்டு விதிப்படி நடக்கும். 2008 விதிக்குத் தனியே 'ஐடிஎன்ஏ' தொகுப்பை நிறுவ வேண்டும். அதிலும் பிழை வந்தால் ஒகரக் குறியைச் சோதியுங்கள். 'கொ' என்பதில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'யூனிகோட் டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' வழியே, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு மாற்றுங்கள்.